சுவர் இருந்தால்தானே சித்திரம்

தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், 1930-களில், இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைக் கொணர்ந்து, மட்கார்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினை முடுக்கி வேகப் பந்தயம் ஓட்டினர். அவ்வாறு மாற்றியமைக்கப்பெற்ற வண்டிக்குப் பின்னர் 'ஹாட் ராட்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1948 ஜனவரியில் அப்பெயரிலேயே ஒரு மாத இதழும் அங்கே தோன்றியது. இன்றும் அந்நாட்டில் தந்தையும் மகனுமாகக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, அக்காலச் சாயலில் இத்தகைய வண்டியை உருவாக்குவோர் உளர். எஞ்சினுக்கும் வண்ணப் பூச்சுக்கும் பணத்தை வாரி இறைப்பவர்கள், ரேடியேட்டரைப் பற்றிக் கடைசியில்தான் நினைக்கின்றனர். இது முறையன்று என்பது நம் கருத்து.

இவ்வண்டிகளுள் பெரிதும் விரும்பப்படுவது 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு. அதன் முகப்பழகுக்கு மயங்காதார் குறைவு. அதே ஆண்டில்தான் 65 குதிரைத் திறன் கொண்ட வி-8 எஞ்சின் ஃபோர்டு காரில் முதன்முதலாக இடம்பெற்றது. 'ஃப்ளாட்ஹெட்' எனப்படும் இவ்வெஞ்சினுக்குப் பிறவிக் குணம் ஒன்றுண்டு. எரிந்த புகை நேரே வெளியேறாமல், பிளாக்கின் ஊடாகவே சென்று, சுற்றியுள்ள தண்ணீரையும் சுடவைத்துவிட்டுப் புறப்படும். அதிலும், ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலுள்ள இரு சிலிண்டர்களுக்கும் புகைபோக்கும் வழி ஒன்றே. வெப்பம் அளவு மீறினால் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே விரிசல் காணும். அமெரிக்காவில் 1953-ஆம் ஆண்டோடு ஃபோர்டு கார்களில் இவ்வெஞ்சின் நின்றுபோயிற்று. பழுதற்ற பழைய பிளாக் கிடைப்பது அரிதாகி வரும் நாளில், ரேடியேட்டரில் மிச்சம் பிடித்து எஞ்சினை இழப்பது எவ்வளவு பேதைமை!

ஆகவே, எந்த எஞ்சின் என்பதை முடிவு செய்த பின்னரே ரேடியேட்டரைத் தேட வேண்டும். ஃப்ளாட்ஹெட்டுக்குத் தண்ணீர்ப் பம்புகள் இரண்டு. எனவே ரேடியேட்டரிலும் மேலே இரு வாய்களும் கீழே இரு வாய்களும் தேவை. 1936 வரை பம்புகள் சிலிண்டர் தலைகளில் இருந்து வெந்நீரை இழுத்தன. 1937 முதல் பிளாக்கின் முன்புறத்திற்கு மாறி, குளிர்ந்த நீரை உள்ளே தள்ளின. பலர் விரும்பிப் பொருத்தும் 1955-ஆம் ஆண்டுச் செவ்ரோலே வி-8 எஞ்சினுக்கோ மேலே ஒன்று, கீழே ஒன்று போதும். இதைக் கவனியாமல் வாங்கிவிட்டுக் குழாய்களை முறுக்கி வளைத்து இணைப்போரைக் கண்டால் இரக்கமே மேலிடுகிறது.

அடுத்தது அளவு. தடிமன் கூடினால் குளிர்ச்சியும் அதே அளவு கூடும் என்று எண்ணுவது தவறு. முன்வரிசைக் குழாய்களைக் கடக்கும்போதே காற்று சூடேறிவிடுவதால், பின்வரிசைகளால் கிடைக்கும் பயன் படிப்படியாகக் குறைகிறது. காற்றை எதிர்கொள்ளும் முகப்பரப்பே முதன்மையானது. வண்டி தாழ்ந்து தோன்ற வேண்டும் என்பதற்காக முகப்புக் கூட்டை வெட்டிக் குட்டையாக்குவோர், அதனுள் அமையும் ரேடியேட்டரையும் குட்டையாக்க நேர்கிறது. அழகு கூடியதோ என்னவோ, குளிரும் பரப்பு குறைந்தது உறுதி.

செம்பா, அலுமினியமா என்ற வழக்கு ஓயாத வழக்கு. செம்பு வெப்பத்தை மிகுதியாகக் கடத்தும் என்பது பள்ளிப் பாடம். ஆயினும் அலுமினியக் குழாய்களை அகலமாக அமைக்க இயலும் என்பதால், நன்கு செய்த அலுமினிய ரேடியேட்டர் செம்புக்கு ஈடுகொடுக்கிறது, எடையும் குறைவு. ஆனால் தக்க குளிர்நீர்க் கலவை ஊற்றாவிடில் அரித்துப்போகும். செம்பும் பித்தளையும் சேர்ந்ததோ, ஒழுகினால் ஈயப்பற்று வைத்துச் சரிசெய்யத்தக்கது. கறுப்பு வண்ணம் பூசினால் அக்காலத் தோற்றமும் கெடாது. பழமைச் சாயல் வேண்டுவோர்க்கு நாம் சொல்வது இதுவே.

மூடியின் அழுத்தத்தையும் கருத வேண்டும். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறக்குறைய 3 டிகிரி ஃபாரன்ஹீட் உயரும். எனினும் 1932-இன் ரேடியேட்டர் அழுத்தம் தாங்குவதற்கென அமைந்ததன்று. அதில் உயர் அழுத்த மூடியைப் பூட்டினால் பற்றுகள் விடும். எம்மூடியாயினும், சூடாக இருக்கையில் திறப்பது கையையும் முகத்தையும் பணயம் வைப்பதாகும்; சிறுவர்களை அருகில் விடலாகாது.

நெடுஞ்சாலையில் சூடேறாமல், நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால், குற்றம் பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான். விசிறியைச் சுற்றித் தகட்டு உறை அமைத்தால், காற்று ரேடியேட்டரின் முழுப்பரப்பின் வழியாகவும் இழுக்கப்படும். மின்விசிறி வைக்க விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்க: ஃபோர்டு கார்களில் 1955 வரை இருந்தது 6 வோல்ட் மின்னமைப்பே. அப்பழைய டைனமோவின் மேல் இச்சுமையை ஏற்றலாகாது.

பழைய சட்டம் ஓட்டத்தில் முறுக்கிக் கொடுக்கும் இயல்புடையது. ஆதலால் ரேடியேட்டரை இறுக்கிப் பிணைக்காமல், ரப்பர் மெத்தைமேல் அமர்த்துக. வண்ணம் பூசுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பி, வெயிலேறிய நண்பகலில் அரைமணி நேரம் நின்றபடியே எஞ்சினை ஓடவிட்டு, வெப்பமானியின் முள்ளைப் பார்த்துவிடுக.