மக்கிப்போன கட்டை

"மொட்டை மாடி ஒழுகுது ஸார், கட்டையெல்லாம் மக்கிப்போச்சு. இடிச்சுட்டு ஃப்ளாட் போட்டுடலாம்." தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பில்டர்கள் ஒப்பிக்கும் வசனம். ஒழுகுவது நிஜம். யாரால் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

வெள்ளைக்காரன் காலத்து 'மெட்ராஸ் டெரஸ்' கூரையைத் தாங்குவது மரம்தான். வரிசையாகத் தேக்குக் கட்டைகள். பல வீடுகளில் அது கப்பலேறி வந்த பர்மாத் தேக்கு. அதன்மேல் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டத்தில், நெட்டுக்குத்தாக, சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, சித்தாள்கள் உட்கார்ந்து நாள்கணக்கில் மரத்தால் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. சித்திரை வெயிலில் கீழே படுத்துப் பாருங்கள், தெரியும்.

சுண்ணாம்பு மூச்சு விடும், நனைந்தால் காயும். ஒழுகுதே என்று அதன்மேல் சிமென்ட் பூசினீர்களோ, போச்சு! சிமென்ட் வெடிக்கும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. சுவருக்குள் புதைந்த கட்டைமுனை முதலில் மக்கும். பூசச் சொன்ன அதே மேஸ்திரி, அப்புறம் விரலால் குத்திப் பார்த்து "டேஞ்சர்" என்பார்.

மவுன்ட் ரோடு பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக்கூடாது என்று 2010-ல் ஹைகோர்ட் சொன்னது. சந்தோஷம். அதெல்லாம் கோபுரம் வைத்த பெரிய மனுஷக் கட்டடங்களுக்கு. தாம்பரத்துத் திண்ணை வீட்டுக்காக யார் கேஸ் போடப்போகிறார்கள்?

ஒன்று கவனித்தீர்களா? அந்த 'மக்கிப்போன' தேக்கை பில்டர் குப்பையில் போடுவதில்லை. பத்திரமாக லாரியேற்றி பழைய மரக்கடைக்கு அனுப்புகிறார். அங்கே போய் அதன் விலையைக் கேளுங்கள்.