ஒரே நாளில் மூணு கோட்டை: யாரை ஏமாத்தறோம்?

பாரிஸுக்கு வர்ற நம்ம மக்கள் அனுப்பற மெயில் எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். "மச்சி, நாலு நாள் இருக்கோம். முதல் நாள் ஈஃபிள் டவர், ரெண்டாவது நாள் லூவர், மூணாவது நாள் டிஸ்னி, நாலாவது நாள் லுவார் பள்ளத்தாக்கு. பஸ் டூர் புக் பண்ணியாச்சு. ஒரே நாள்ல மூணு கோட்டை, ஒயின் டேஸ்டிங் வேற!"

அந்த நாலாவது நாளைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல கணக்கு. ஆபீஸ்ல ஆணி பிடுங்கற நேரம் போக எக்ஸெல் ஷீட்டோடயே குடித்தனம் நடத்தற கூட்டம்தானே நாம. பாரிஸ்லேர்ந்து ஷம்போர் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். காலை டிராஃபிக்ல ரெண்டரை மணி நேரம். அங்கேர்ந்து ஷெனொன்சோவுக்கு ஒரு மணி நேரம். ஷெனொன்சோலேர்ந்து பாரிஸ் திரும்ப 230 கிலோமீட்டர், மூணு மணி நேரம். ஆக பஸ்ஸுக்குள்ள மட்டும் ஆறரை மணி. காலை 7 மணிக்குக் கிளம்பி ராத்திரி 8 மணிக்குத் திரும்பினா மொத்தம் பதிமூணு மணி நேரம். மிச்சம் இருக்கற ஆறரையில சாப்பாடு, ஒயின், டாய்லெட் க்யூ, பார்க்கிங்லேர்ந்து நடை, கைடு ஆள் எண்ணறது, காணாமப் போன ரெண்டு பேருக்காக எல்லாரும் காத்திருக்கறது. எல்லாம் கழிச்சா நாலு மணி நேரம் மிஞ்சும். அதை மூணால வகுங்க.

ஷம்போர்ல நானூறுக்கு மேல அறை. 282 கணப்பு அடுப்பு. காட்டைச் சுத்தி 32 கிலோமீட்டர் மதில். நடுவுல ஒண்ணோட ஒண்ணு பின்னி ஏறுற ரெட்டைச் சுருள் படிக்கட்டு, ஒருத்தர் ஏறலாம், இன்னொருத்தர் இறங்கலாம், ரெண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கவே மாட்டாங்க. 1519-ல இதை ஆரம்பிச்ச முதலாம் ஃபிரான்சுவா ராஜா தன் ஆயுசுல இங்கே தங்கினது மொத்தமே 72 நாள்தானாம். அவருக்காவது 72 நாள். நமக்கு 80 நிமிஷம்.

"வாழ்க்கைல ஒரு தடவைதான் வர்றோம், முடிஞ்ச வரை பார்த்துடணும்"னு ஒரு வாதம் வரும். இதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். விசாவுக்கு அலைஞ்சு, ரிட்டையர்மென்ட் காசுல டிக்கெட் போட்டு, முட்டி வலிக்கு ஆயின்மென்ட்டும் எடுத்துக்கிட்டு வர்ற அப்பா அம்மாக்கள் இருக்காங்க. அவங்களுக்கு "இன்னொரு தடவை வந்து நிதானமா பாருங்க"ன்னு சொல்றது அயோக்கியத்தனம். ஆனா அந்த ஒரு தடவைங்கறதுக்காகத்தான் நான் கத்தறேன். அறுபத்தஞ்சு வயசுக்காரங்களை ஆறரை மணி நேரம் பஸ்ல உட்கார வெச்சு, நடுநடுவே இறக்கி ஓட விட்டு, ராத்திரி வந்ததும் "எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டா, "நல்லாருந்துச்சுப்பா"ன்னுதான் சொல்வாங்க. வேற என்ன சொல்வாங்க? புள்ள செலவு பண்ணியிருக்கானே.

இன்னொரு விஷயம். நம்ம ஆளுங்களுக்கு 'காஸில்'னு சொன்னா செஞ்சிக் கோட்டை மாதிரி ஒண்ணு மனசுல வந்துடும். பிரெஞ்சுல 'ஷாத்தோ'ங்கற ஒரே வார்த்தைக்குள்ள கோட்டை, அரண்மனை, பணக்காரன் கட்டின கிராமத்து மாளிகை, ஒயின் தோட்டத்து வீடு எல்லாமே அடங்கும். அதனால முதல்ல எது வேணும்னு முடிவு பண்ணுங்க. அகழி, கனமான சுவர், சிறை, இதெல்லாம் வேணும்னா மெட்ரோ ஒண்ணாம் நம்பர் லைன்ல ஏறிக் கடைசி ஸ்டேஷன்ல இறங்குங்க. வான்சேன். பதினாலாம் நூற்றாண்டுல கட்டின, சுமார் 50 மீட்டர் உசரக் கோபுரம். இங்கிலாந்தோட அஞ்சாம் ஹென்றி 1422-ல செத்தது இந்த வளாகத்துலதான். எழுதினதுக்காக திதெரோவை 1749-ல அடைச்சு வெச்சதும் இங்கேதான் (பதிவர்கள் போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வரலாம்). போக வர மெட்ரோ டிக்கெட், அரை நாள் வேலை. பாரிஸ் வந்த நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேர் போயிருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம்.

அரண்மனைதான் வேணும்னா உடனே எல்லாரும் வெர்சாய்னு சொல்வீங்க. போங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா செவ்வாய்க்கிழமை போகாதீங்க. லூவருக்குச் செவ்வாய் லீவு, வெர்சாய்க்குத் திங்கள் லீவு. லூவர்ல மூடின கதவைப் பார்த்த கூட்டமும் திங்கள்கிழமை விட்டுப்போன கூட்டமும் சேர்ந்து செவ்வாய்க்கிழமை வெர்சாய்ல வந்து நிக்கும். கண்ணாடி மண்டபத்துல 357 கண்ணாடி இருக்கு, அன்னிக்கு அதுல எல்லாத்துலயும் அடுத்தவன் செல்ஃபி ஸ்டிக்தான் தெரியும்.

எனக்கு வெர்சாயை விட அதுக்கு அப்பன் மேலதான் பிரியம். வோ-லெ-விகோம்த். பேரை உச்சரிக்க வராட்டியும் பரவாயில்லை, கதையைக் கேளுங்க. பதினாலாம் லூயிக்கு நிதி மந்திரியா இருந்தவர் நிகோலா ஃபூகே. கட்டடத்துக்கு ல வோ, சித்திரத்துக்கு ல ப்ரன், தோட்டத்துக்கு ல நோத்ர்னு மூணு ஆளுங்களைப் பிடிச்சு ஒரு மாளிகை கட்டினார். 1661 ஆகஸ்ட் 17-ந் தேதி ராஜாவை விருந்துக்குக் கூப்பிட்டார். மோலியேரோட புது நாடகம், வாணவேடிக்கை, ஏகப்பட்ட தடபுடல். ராஜாவுக்கு வயசு 22. தன்னை விட மந்திரி வீடு ஜோரா இருந்தா எந்த ராஜாவுக்குத்தான் பொறுக்கும்? கைது பண்ணணும்கிற எண்ணம் ராஜாவுக்கு முன்னாடியே இருந்ததாச் சரித்திரக்காரங்க சொல்றாங்க, விருந்து எரியற அடுப்புல எண்ணெய். மூணு வாரத்துக்குள்ள, செப்டம்பர் 5-ந் தேதி, நாந்த் ஊர்ல வெச்சு ஃபூகேயைக் கைது பண்ணியாச்சு. கைது பண்ணினவர் தார்த்தாஞான், ஆமாங்க, நாவல்ல வர்ற அதே பேர், நிஜ ஆளு. கோர்ட் நாடு கடத்தணும்னு தீர்ப்பு சொல்ல, ராஜா அதை ஆயுள் சிறையா 'அப்கிரேட்' பண்ணினார். 1680-ல சிறைக்குள்ளயே ஃபூகே காலி. அந்த மூணு கலைஞர்களும்? நேரா வெர்சாய் புராஜெக்ட்டுக்கு. ரிசோர்ஸை அள்ளிக்கிட்டு மேனேஜரை உள்ளே தள்ளறது நம்ம ஃபீல்டுல வந்த புதுப் பழக்கம் இல்லை.

ஆனா நான் இங்கே வோவை இழுத்தது கதைக்காக மட்டும் இல்லை, தோட்டத்துக்காக. மாளிகைப் படியில நின்னு பார்த்தா தோட்டம் மொத்தமும் ஒரே பார்வைல தெரியற மாதிரி இருக்கும். கடைசில ஒரு குளம், அதை ஒட்டி கல் குகைகள். "அவ்வளவுதானே"ன்னு நடக்க ஆரம்பிச்சா குகைகள் கிட்டவே வராது. போகப் போகத் தள்ளிப் போகும். திடீர்னு காலடில பெரிய கால்வாய் ஒண்ணு முளைக்கும், படியிலேர்ந்து பார்த்தப்ப அது கண்ணுக்கே பட்டிருக்காது. ல நோத்ர் தரையோட சரிவையும் குளங்களோட அளவையும் வெச்சு உங்க கண்ணோட விளையாடியிருக்கார். இந்த விளையாட்டு நடந்து போறவனுக்கு மட்டும்தான். மாளிகையைக் கிளிக் பண்ணிட்டு பஸ்ஸுக்கு ஓடறவன் அந்தக் கால்வாயைப் பார்க்கவே போறதில்லை. பார்க்காம விட்டோம்னும் அவனுக்குத் தெரியாது, அதுதான் கொடுமை.

(மெலன் ஸ்டேஷன் வரை ரயில், அங்கேர்ந்து டாக்சி. திறந்திருக்கற நாள்ல வேற ஸ்டேஷன்லேர்ந்து ஷட்டில் பஸ்ஸும் உண்டு. குளிர்காலத்துல பெரும்பாலும் மூடியிருக்கும், தேதி பார்த்துக் கிளம்புங்க.)

அப்பா அம்மா வந்திருந்தப்ப நான் கூட்டிட்டுப் போனது ஃபோந்தேன்ப்ளோ. கார் து லியோன்லேர்ந்து நாற்பது நிமிஷ ரயில், ஸ்டேஷன் வாசல்ல பஸ். 2025 ஜனவரிலேர்ந்து பாரிஸ் வட்டாரத்துக்குள்ள விமான நிலையம் தவிர எங்கே போனாலும் ரயிலுக்கு ஒரே விலைன்னு ஆக்கிட்டாங்க, ஆரம்பிச்சப்ப 2.50 யூரோ. டூர் பஸ்ஸுக்குப் பெரும்பாலும் மூணு இலக்கத்துல யூரோ அழணும், ஞாபகம் இருக்கட்டும். 1500-க்கு மேல அறை உள்ள அரண்மனை. எட்டு நூற்றாண்டு ராஜாக்கள் மாறி மாறி இடிச்சும் ஒட்டியும் கட்டினது, அதனால ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு தினுசு. நெப்போலியனோட சிம்மாசன அறை அப்படியே இருக்கு. 1814 ஏப்ரல் 20-ந் தேதி பதவி போன நெப்போலியன் தன் காவல் படைகிட்ட விடை வாங்கிக்கிட்ட குதிரை லாடப் படிக்கட்டு முற்றத்துல எங்கப்பா பத்து நிமிஷம் சும்மா நின்னார். அப்புறம், "ரிட்டையர் ஆன அன்னிக்கு எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ஆனா யாரும் வரிசையா நிக்கலை"ன்னார். மத்தியானம் பூங்காவுல புளியோதரை. பூங்காவுக்கு டிக்கெட் கிடையாது. அம்மா கெண்டை மீன் குளத்தோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க, யாரும் வந்து தலை எண்ணலை. (செவ்வாய் இதுக்கும் லீவு.)

ஓவியப் பைத்தியங்களுக்கு ஷாந்தியி. கார் து நோர்லேர்ந்து அரை மணிக்கும் குறைவு, ஆனா இது பாரிஸ் வட்டாரத்துக்கு வெளியே, தனி டிக்கெட். ரயில் ஏறறதுக்கு முன்னாடி பக்கத்துல லா ஷப்பெல்ல நம்ம ஈழத்து மக்கள் கடையில ரொட்டியோ இட்லியோ பார்சல் வாங்கிக்கலாம். ஓமால் பிரபு தன் ஓவியங்களை எல்லாம் எழுதிக் குடுத்தப்ப ஒரு கண்டிஷன் போட்டார்: தொங்கற இடத்தை மாத்தக் கூடாது, வெளியே கடன் குடுக்கவும் கூடாது. அதனால அங்கே இருக்கற மூணு ரஃபேலையும் பார்க்கணும்னா அங்கேதான் போகணும். மோனாலிசா முன்னாடி இருக்கற நெரிசலும் கிடையாது. 1671-ல ராஜா விருந்துக்கு மீன் நேரத்துக்கு வந்து சேரலைன்னு வாத்தெல்ங்கற விருந்து நிர்வாகி தற்கொலை பண்ணிக்கிட்டதும் இந்த ஊர்லதான். டெட்லைன் டெட்லைன்னு உயிரை வாங்கற புராஜெக்ட் மேனேஜர்கள் ஒரு தடவை போயிட்டு வரணும்.

சரி, லுவாரே வேணாமா? வேணும், ஆனா அது பகல் பயணம் இல்லை. தூர்லயோ ப்ளுவாலயோ ரெண்டு ராத்திரி தங்கி ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு பாருங்க. லீவே கிடைக்கலையா, டிஜிவில ஒரு மணி நேரத்துல தூர் பக்கத்து சேன்-பியர்-தே-கோர், அங்கேர்ந்து அரை மணி குட்டி ரயில்ல ஷெனொன்சோ. ஸ்டேஷனைத் தாண்டினா அரண்மனை வாசல். ரயில் ஒரு நாளைக்குச் சிலதுதான், திரும்பற நேரத்தை முதல்லயே குறிச்சுக்கோங்க. அது ஒண்ணை மட்டும் பாருங்க. ஷேர் ஆத்துக்குக் குறுக்கே 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம் போகும். முதல் உலகப் போர்ல அது ஆஸ்பத்திரி. 1940-ல ஜெர்மன்காரன் போட்ட எல்லைக் கோடு அந்த ஆத்து வழியாத்தான் போச்சு. வடக்கு வாசல் அவன் பிடியில, கூடத்தோட தெற்குக் கதவைத் திறந்தா மறுபக்கம் விடுதலை. அது வழியாத் தப்பிச்சுப் போனவங்க உண்டு.

இந்த டூரை எடுத்துட்டு "அதெல்லாம் இல்லைங்க, மூணையும் நல்லாத்தான் பார்த்தோம்"னு சண்டைக்கு வர்றவங்க தாராளமா பின்னூட்டத்துக்கு வாங்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: அந்தத் தெற்குக் கதவு வரை நடந்தீங்களா, இல்லை பாதிக் கூடத்துலயே பஸ்ஸுக்கு நேரமாச்சா? :-)