ஆலைக் கழிவுநீர்: அபராதம் கூடியது, குளத்தைக் கவனிப்பது யார்?

கியா பார்ம் – கேமரன் மலையின் குளிரில் செம்பனை விளைவதில்லை. ஆனால், இங்குப் பிறக்கும் தெலோம் ஆறு ஜெலாய் ஆற்றில் கலந்து, பின்னர் பகாங் ஆற்றைச் சேர்கிறது. கீழே அந்த ஆற்றுப் படுகையில் செம்பனைத் தோட்டங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்துள்ளன. மலையில் தெளிவாகப் புறப்படும் நீர், சமவெளியில் வாழும் தோட்ட மக்களை எந்த நிலையில் அடைகிறது என்பது அந்த ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களையும் பொறுத்தது.

சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூலை 7-ஆம் தேதி அமலுக்கு வந்தது. நீர்நிலைகளை மாசுபடுத்துவோருக்கான உச்ச அபராதம் 1 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், கழிவைச் சுத்தம் செய்வது சட்டமல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள்.

1 டன் செம்பனை எண்ணெய் எடுக்கும்போது சுமார் 2.5 முதல் 3 டன் கழிவுநீர் வெளியேறுகிறது. நீரிலுள்ள ஆக்சிஜனைக் கழிவு எவ்வளவு உறிஞ்சும் என்பதைக் காட்டும் அளவு பிஓடி. இந்தக் கழிவில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியே ஆற்றில் விட்டால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். 1977-ஆம் ஆண்டு விதிமுறைகள் இதற்கு வரம்பு விதித்தன. 1978-இல் 5,000 ஆக இருந்த வரம்பு, 1984-இல் 100 ஆகக் குறைக்கப்பட்டது.

இந்த வேலையின் பெரும்பகுதி காற்றுப் புகாத குளங்களில் நடக்கிறது. ஒரு கூட்டம் கொழுப்பையும் மாவுச்சத்தையும் உடைக்கிறது. அடுத்த கூட்டம் அவற்றை அமிலமாக்குகிறது. இன்னொன்று அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. கடைசியில் வரும் ஆர்க்கியா உயிரிகள் அதை மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. அமிலம் உண்டாக்கும் உயிரிகள் சில மணி நேரத்தில் பெருகும்; மீத்தேன் உயிரிகளுக்கோ பல நாள்கள் தேவை. குலைகள் குவியும் பருவத்தில் கழிவை அளவுக்கு மீறி விட்டால், அதிகம் புளித்த மாவைப் போலக் குளம் அமிலமாகிவிடும். மீத்தேன் உயிரிகள் முடங்கும், துர்நாற்றம் கிளம்பும். அடியில் வண்டல் சேர்ந்தாலும் குளத்தின் கொள்ளளவு குறைந்து, கழிவு செரிப்பதற்கு முன்பே வெளியேறும். முடங்கிய குளம் மீள வாரக்கணக்கில் ஆகும். எவ்வளவு அபராதம் விதித்தாலும் அந்த உயிரிகள் விரைவாகப் பெருகப் போவதில்லை.

குளம் திறந்திருந்தால், செரிப்பு சரியாக நடந்தாலும் மீத்தேன் காற்றில் கலந்து புவியைச் சூடாக்கும். அதைப் பிடித்தால் மின்சாரம் கிடைக்கும். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இந்த வசதி கட்டாயம். ஆனால், பழைய ஆலைகளில் திறந்த குளங்கள் தொடர்கின்றன.

எனவே, அபராதத்தோடு அன்றாடக் கண்காணிப்பும் வேண்டும். குளத்தின் அமில அளவு, உள்ளே விடப்படும் கழிவின் அளவு, வண்டல் அகற்றிய தேதி ஆகியவற்றைச் சுற்றுவட்டார மக்களும் பார்க்கும்படி ஆலைகள் வெளியிட்டால், ஆறு கறுப்பதற்கு முன்பே கேள்வி கேட்க முடியும். மீன் செத்து மிதந்த பிறகு விதிக்கப்படும் 1 கோடி ரிங்கிட், ஆற்றங்கரையில் வசிப்பவர்களுக்கு அன்றைய தண்ணீரைத் தராது.