ஏழாவது மொய் நோட்டு

பேராவூரணிப் பக்கத்தில் ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பிவிடும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டு எழுந்தவர், தான் செய்ய வேண்டிய வீட்டுக்காரரின் பெயர் எழுதிய மேசைக்குப் போய்ப் பணத்தைக் கட்டுவார். ஊர், பெயர், தொகை என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் ஏற்றுவார். வந்த பணத்தின் கணக்கு மட்டுமல்ல அந்த நோட்டு. இனி யார் வீட்டு விசேஷத்தில் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்கிற கடன் பத்திரமும் அதுதான். 1997 ஆடியில் எங்கள் வீட்டு முறை வந்தது. நான் அப்போது பட்டுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஃபாக்ஸ்ப்ரோ என்கிற தரவுத்தள மொழி படித்து முடித்திருந்தேன். விருந்து முடிந்த மறுநாள் அப்பாவிடம் நோட்டை வாங்கிக்கொண்டு போய், சென்டரில் சாயங்காலம் காலியாக இருக்கும் மெஷினில் உட்கார்ந்து அத்தனை பெயரையும் ஏற்றினேன். என் சொந்தத் தேவைக்கு நான் எழுதிய முதல் புரோகிராம் அது.

அதற்குப் பிறகு அதே மொய் நோட்டை இன்னும் ஆறு முறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு மொழியில்.

போன மாதம் அக்கா மகன் ஊரிலிருந்து கூப்பிட்டான். இன்ஜினியரிங் கடைசி வருடம். "மாமா, எதைப் படிச்சா பத்து வருசத்துக்குத் தாங்கும்?" என்றான். குரலில் நிஜமான பயம் இருந்தது. கல்லூரியில் ஒருவர் ஜாவா என்கிறாராம், சீனியர் ஒருவன் பைத்தான் என்கிறானாம், இனி கோடு எழுதவே ஆள் தேவையில்லை என்று வீடியோக்கள் வேறு சொல்கின்றனவாம். "பத்து வருசம் தாங்குற மொழின்னு நான் எதையும் கைகாட்ட மாட்டேன் மாப்ள. நம்ம வீட்டு மொய் நோட்டை நீ ஒரு தடவை எழுது" என்றேன். அவனுக்கு நான் பேச்சை மாற்றுவதாகத் தோன்றியிருக்க வேண்டும். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் கற்ற ஃபாக்ஸ்ப்ரோ இன்று இல்லை. 1992-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2007-இல் இனிப் புதிய பதிப்பு வராது என்று அறிவித்தது. 2015-இல் ஆதரவும் நின்றது. ஆனால் அதில் ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு பெயரை டெலீட் செய்தால் அது அழியாது. அழிக்கப்பட்டது என்று ஒரு குறி மட்டும் விழும். ரீகால் கொடுத்தால் திரும்பி வரும். பேக் என்று கட்டளை கொடுத்த பிறகுதான் உண்மையாகவே இடம் காலியாகும். ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள் என்று சென்டர் சாரிடம் கேட்டேன். "நடுவுல ஒரு வரியை உருவினா, கீழ இருக்கிற அத்தனையும் மேல நகரணும்ல தம்பி, அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். பல வருடங்கள் கழித்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை பார்க்கும்போது, அழித்த வரிகள் உள்ளே அப்படியே கிடப்பதையும், வேக்யூம் ஓடிய பிறகே அந்த இடம் மறுபடி பயன்படுவதையும் பார்த்தேன். அங்கே காரணம் வேறு: ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குப் பழைய வரி தெரிய வேண்டும். ஆனாலும் எனக்கு அது அந்நியமாக இல்லை. பக்கத்து மேசை நண்பர் அன்று அட்டவணை ஏன் வீங்கிக்கொண்டே போகிறது என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து நிமிடம் ஆனது. ஃபாக்ஸ்ப்ரோ செத்துப்போனது, அதில் கற்றதற்குச் சாவு வரவில்லை.

இரண்டாவது நோட்டு 2000-இல், விஷுவல் பேசிக் 6-இல். திரையில் பொத்தான்கள் வந்தன, அழகாக இருந்தது. பெயர்களைத் தமிழில் ஏற்ற ஆசைப்பட்டேன். அந்தக் காலத்தில் பல தமிழ் எழுத்துருக்கள் தமக்கெனத் தனிக் குறியீட்டு முறை வைத்திருந்தன. என் மெஷினில் 'கீரமங்கலம்' என்று தெரிந்தது, அந்த எழுத்துரு இல்லாத சித்தப்பா கடை மெஷினில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கொட்டிக் கிடந்தது. யூனிகோடில் தட்டிப் பார்த்தால் விஷுவல் பேசிக் கட்டங்களில் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பெயர்களை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டேன். அந்தத் தோல்விதான், எழுத்து என்பது கணினிக்குள் ஓர் எண் என்பதையும், அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்கிற ஒப்பந்தம் வெளியே எங்கோ இருக்கிறது என்பதையும் எனக்குப் புரியவைத்தது.

மூன்றாவது ஜாவா, நான்காவது பிஎச்பி. இரண்டைப் பற்றியும் சொல்ல அதிகம் இல்லை. அலுவலக வேலைக்கு அவசியமாக இருந்ததால் எழுதினேன்.

ஐந்தாவது பைத்தான். நான் தொடங்கியது பதிப்பு 2-இல். சும்மா ஒரு சோதனைக்கு 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டேன். 15 என்றது. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைத்தான் 2-க்கு ஆதரவு முடியப் போகிறது என்ற நிலையில், அதே நிரலைப் பதிப்பு 3-க்கு மாற்றினேன். இப்போது 5 என்றது. நம் வீட்டுக் குழந்தையைக் கேட்டால் த, மி, ழ் என்று விரல் விட்டு மூன்று என்று சொல்லும். மூன்று பதிலுமே சரிதான். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 15. யூனிகோடு குறிகளாக எண்ணினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5. மனிதர் படிக்கும் எழுத்தாக 3. இரண்டாவது நோட்டில் விட்ட கேள்விக்குப் பல வருடம் கழித்துப் பதில் கிடைத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி.

ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். மொழியும் புதிது, கணக்கும் புதிது என்றால், எங்கே இடறுகிறோம் என்பதே தெரியாது. கணக்கு பழகியதாக இருந்தால் மொழியின் குணம் தனியாகத் தெரியும். வீடியோவைப் பார்த்துக்கொண்டே கூடவே தட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். முப்பது மணி நேரப் பாடம் முடித்துச் சான்றிதழும் வாங்கிவிடுகிறார்கள். வெற்றுத் திரையைக் கொடுத்து ஒரு சின்னக் கோப்பைப் படித்து வரிசைப்படுத்தச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. இடறும் இடமெல்லாம் முன்கூட்டியே துடைத்து வைத்த பாதையில் அவர்களை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

ஆறாவது நோட்டு கைபேசிக்கு. 2017-இல் ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் கோட்லினை அங்கீகரித்ததும் அதைப் படிக்க ஆரம்பித்தேன். மாமா வீட்டு விருந்தில் இரண்டு மேசை, இரண்டு கைபேசி. வயலை ஒட்டிய பந்தல். சிக்னல் வரும், போகும். அனுப்பிய வரவு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் கைபேசி மறுபடி அனுப்பியது. இரவு பார்த்தால் ஒரே ஆள் இரண்டு முறை மொய் செய்ததாகக் கணக்கு. மொய்க் கணக்கில் இது சின்னத் தவறு இல்லை. செய்யாத மொய்க்கு ஒருவர் பெயரில் வரவு ஏறினால், நாளைக்குத் திருப்பிச் செய்யும்போது இரண்டு குடும்பத்துக்கும் மனக்கசப்பு. நல்லவேளை, பக்கத்தில் காகித நோட்டும் எழுதியிருந்தோம். ஒவ்வொரு வரவுக்கும் கைபேசியிலேயே ஒரு தனி எண் போட்டு, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் அதை ஏற்காதபடி திருத்தினேன். வங்கிப் பரிவர்த்தனைகளிலும் கையாளப்படுகிற வழி அது. புத்தகத்தில் பலமுறை படித்ததுதான். அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு மாமாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் உடம்பில் ஏறியது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கலாம். எனக்குச் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம். சில மாதங்களில் நான்காவது சனிக்கிழமை சென்னைப்பை என்கிற பைத்தான் குழுவின் கூட்டத்துக்குப் போவேன். அங்கே யாராவது ஒருவர் தன் நிரல் எங்கே உடைந்தது என்று மனம் திறந்து பேசுவதைக் கேட்பது பெரிய பாடம். தமிழில் படிக்க விரும்புபவர்களுக்குக் 'கணியம்' இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவருகிறது. ஆனால் இந்தச் சனிக்கிழமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு வந்து போவார். வீட்டில் இரண்டு குழந்தைகள், படுத்த படுக்கையாக மாமியார். ஆண்டு மதிப்பீட்டில் 'புதிய திறன் வளர்த்துக்கொள்ளவில்லை' என்று அவருக்கு மதிப்பெண் குறைத்தார்கள். அந்த ஆண்டு முழுதும் ஒரு பழைய அமைப்பை விழாமல் தாங்கிப் பிடித்தவர் அவர். கற்றுக்கொள் என்று சொல்கிற நிர்வாகம், வாரத்தில் நான்கு மணி நேரத்தை வேலை நேரத்திலேயே அதற்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்காமல் அதை ஞாயிற்றுக்கிழமையின் தலையில் கட்டுவது, ஞாயிற்றுக்கிழமை இல்லாதவர்களைத் தண்டிப்பது. இதை நான் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். தோழி கம்பெனி பஸ்ஸில் போகும் நேரத்தில்தான் எஸ்க்யூஎல் என்கிற தரவுத்தள வினவல் மொழியை ஆழமாகப் படித்தார். மடிக்கணினியைத் திறக்கக்கூட இடமில்லாத நெரிசலில், ஒரு சின்ன நோட்டில் கேள்விகளை எழுதி, அலுவலகம் வந்ததும் ஓட்டிப் பார்ப்பார்.

அவர் தேர்ந்தெடுத்ததும் சரியானது. எஸ்க்யூஎல்லுக்கு அடிப்படையான கட்டுரையை எட்கர் காட் 1970-இல் எழுதினார். மொழி 1974-இல் ஐபிஎம்மில் உருவானது. இன்றும் வேலைக்கு எடுக்கும்போது கேட்கிறார்கள். 1959-இல் பிறந்த கோபால் (COBOL) மொழிக்கே 2020 ஏப்ரலில் நியூ ஜெர்சி ஆளுநர் ஆள் தேட வேண்டி வந்தது. கொரோனாவால் வேலை இழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து, பழைய அமைப்புகள் திணறிய நேரம் அது. இதைச் சொல்லிப் புதிதாக எதையும் படிக்க வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. ஒரே பொருளில் பதினொரு ஆண்டு இருந்து, அதன் வெளித்தோலை மட்டும் பழகி, ஆட்குறைப்பில் வெளியே வந்து தவித்த நண்பரை அருகிலிருந்து பார்த்தேன். அவருக்குத் திறமை குறைவில்லை. தன் மேசைக்கு வெளியே ஒரு சின்ன நிரலைக்கூட அவர் எழுதிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மறுபடி கை பழக எட்டு மாதம் ஆனது.

ஏழாவது நோட்டு 2024-இல். இந்த முறை செயற்கை நுண்ணறிவிடம் தமிழிலேயே சொன்னேன்: ஊர் வாரியாக, பெயர் வாரியாக மொய் நோட்டு வேண்டும் என்று. நான் மாதக்கணக்கில் எழுதியதை அது காபி ஆறுவதற்குள் எழுதித் தந்தது. படித்துப் பார்த்தேன், பல இடங்களில் என் நிரலைவிடச் சுத்தம். ஓட்டினேன். பட்டியலில் சகாயம் முதலில் வந்தார், சக்திவேல் பின்னால் நின்றார். ஜெயபால், ஞானசேகரனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தார். அது பெயர்களை யூனிகோடு எண் வரிசையில் அடுக்கியிருந்தது. அந்த வரிசையில் புள்ளி கடைசியில் வரும், ஜ-கரம் ச-கரத்தை ஒட்டி வரும், ன-கரம் ந-கரத்தின் பக்கத்திலேயே வரும். நம் அகரவரிசை அது இல்லை. தமிழ் வரிசை அறிந்த ஐசியூ நூலகத்தைப் பயன்படுத்தச் சொன்னதும் உடனே திருத்திக் கொடுத்தது. சொல்லத் தெரிந்ததால் திருத்தியது. எங்கே தவறியது என்று கண்ணில் பட்டதற்கு, 2000-இல் கேள்விக்குறிகளோடு கழித்த அந்த ஒரு வாரமே காரணம். இந்தக் கருவியை நான் தினமும் பயன்படுத்துகிறேன். புரியாத பிழைச் செய்தியை விளக்கச் சொல்லிக் கேட்கிறேன், நல்ல ஆசிரியரைப் போலப் பொறுமையாகச் சொல்கிறது. ஆனால் புது மொழியின் முதல் நோட்டை மட்டும் அதன் கையில் கொடுப்பதில்லை. அதை நானே எழுதி, நானே இடறி, பிறகுதான் அதனிடம் காட்டுகிறேன்.

அக்கா மகன் மூன்று வாரமாக எழுதுகிறான். பைத்தானில் தொடங்கினான். நேற்று இரவு கூப்பிட்டான். ஒரே ஊரில் இரண்டு சுப்பிரமணியன் இருக்கிறார்களாம், அவன் நிரல் இருவரையும் ஒரே ஆளாக்கித் தொகையைக் கூட்டிவிட்டதாம். "என்ன மாமா செய்யுறது? போன் நம்பர் போடலாம்னா 97 நோட்டுல நம்பரே இல்லையே."

விடை எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "பழைய நோட்டைத் தாத்தாகிட்டக் கேட்டு வாங்கிப் பாரு" என்றேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டபடியே எழுந்து போனான். பரணில் பெட்டி நகரும் சத்தம், அப்பாவின் இருமல், தாள் புரளும் சத்தம். பிறகு அவன் குரல்: "தாத்தா, பேருக்கு முன்னால 'மே', 'கீ'ன்னு எழுதியிருக்கே, என்னது?"

"மேலவீடு, கீழவீடுடா" என்றார் அப்பா. "ரெண்டு சுப்பிரமணியன்ல, பின்ன எப்படித் தெரியும்?"