தாழ்த்தத் தெரிந்தவனே தரை சேர்வான்



கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. போர் முடிந்ததும் அதற்கு வேலை இல்லாமற் போயிற்று. அதே போர்க் காலத்து அரக்கோணம் ஓடுதளத்திற்கோ மறுவாழ்வு கிடைத்தது. 1992 மார்ச் 11 அன்று அது 'ஐ.என்.எஸ். ராஜாளி' என்னும் கடற்படை விமானத் தளமாயிற்று. நம் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுவது அங்கேதான். 22 வாரப் பயிற்சியை முடித்து 2024 ஜூன் 7 அன்று வெளிவந்த 21 அதிகாரிகளுள் அனாமிகா பி. ராஜீவ் என்னும் இளம்பெண், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி என்னும் சிறப்பைப் பெற்றார். கல்வராயன் மலையடிவாரத்துப் பிள்ளைகளுள்ளும் இவ்வாசை கொண்டோர் இருக்கக்கூடும். ஹெலிகாப்டர் பயிலும் மாணவர் கற்கும் பாடங்களுள் ஒன்று, குடும்பம் நடத்தும் நமக்கும் உரியது. அதையே இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

விமானம் முன்னோக்கி விரைவதால் அதன் இறக்கைகள் அதனைத் தூக்குகின்றன. ஹெலிகாப்டரோ இறக்கைகளையே தலைக்குமேல் சுழற்றி எழும்புகிறது. விமானியின் இடக்கைப் பக்கம் ஒரு நெம்புகோல் உண்டு. அதை உயர்த்தினால் இறக்கைகளின் சாய்வு கூடி ஊர்தி மேலேறும். வலக்கையிலுள்ள பிடிகோல் செல்லும் திசையை மாற்றும். கால் மிதிகள், வால் விசிறியின் வழியாக, உடற்பகுதி எதிர்ப்புறம் சுழன்றுவிடாமல் காக்கும். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் சரிசெய்தாக வேண்டும். ஆகவேதான் அந்தரத்தில் அசையாது நிற்பதே புதிய மாணவனுக்குப் பெரும்பாடாகிறது.

முன்னே செல்லும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. காற்றை எதிர்த்து வரும் இறக்கைக்குத் தூக்குவிசை மிகுதி. பின்வாங்கும் இறக்கைக்குக் குறைவு. ஸ்பெயின் நாட்டு ஹுவான் டெ லா சியர்வா தொடக்கத்தில் செய்த ஊர்திகள் இதனாலேயே ஒருபக்கமாகக் கவிழ்ந்தன. பின்னர் அவர் இறக்கைகளைக் கீல்களில் பொருத்தி, தாமே ஏறி இறங்க விட்டார். 1923-இல் அவ்வூர்தி பறந்தது. விறைத்து நின்ற இறக்கை கவிழ்த்தது. வளைந்து கொடுத்த இறக்கை காத்தது.

இனி முதன்மையான பாடத்திற்கு வருவோம். நடுவானில் இயந்திரம் நின்றுவிட்டால் என் செய்வது? ஊர்தி கீழே விழத் தொடங்குகிறது. நெம்புகோலை உயர்த்திப் பிடிக்கவே மனிதக் கை துடிக்கும். உயர்த்தினால் இறக்கைகள் காற்றில் தடைபட்டுச் சில விநாடிகளில் சுழற்சியை இழக்கும். அதன்பின் மீட்சி இல்லை. எனவே, உடனே நெம்புகோலைத் தாழ்த்து என்று ஆசிரியர் கற்பிக்கிறார். தாழ்த்தினால் ஊர்தி வேகமாய் இறங்கும் என்பது உண்மையே. ஆனால் கீழிருந்து எழும் காற்று இறக்கைகளைத் தொடர்ந்து சுழற்றும். பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு சிறுவன் ஓடினால் அது சுழல்கிறதல்லவா? அதுபோலவே, விழுகின்ற வேகமே இறக்கைகளுக்கு உயிர் கொடுக்கிறது. தரையை நெருங்கும்போது ஊர்தியின் மூக்கை உயர்த்தி வேகத்தைத் தணித்து, கடைசி நேரத்தில் நெம்புகோலை உயர்த்தினால் மெல்ல இறங்கலாம். சேர்த்து வைத்த சுழற்சி ஒருமுறைக்கு மட்டுமே போதும். அதை முன்னரே செலவிட்டவனுக்குத் தரையருகில் ஏதும் எஞ்சாது. ஆபத்து வேளையில் யோசிக்க நேரமில்லை. ஆதலால் கைக்குப் பழகும்வரை மாணவர் இதை மீண்டும் மீண்டும் பயில்கின்றனர்.

குடும்பங்களிலும் இயந்திரம் நிற்கும் நாள் வருகிறது. மழை பொய்த்து மரவள்ளியோ கரும்போ கைவிடுகிறது, வேலை போகிறது, வீட்டுத் தலைவர் நோயில் விழுகிறார். அந்நேரத்தில் நம் கை எதை நாடுகிறது? ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, வட்டிக்கு வாங்கியாவது மஞ்சள் நீராட்டு விழாவைப் பந்தலும் விருந்துமாய் நடத்துகிறோம். நகையை அடகு வைத்துப் பழைய தோரணையைக் காக்கிறோம். விழும் வேளையில் நெம்புகோலை உயர்த்துவது இதுவே. செலவைக் குறைத்து, உள்ள நிலையைப் பிள்ளைகளிடமும் மறைக்காமற் சொல்லி, கௌரவத்தைச் சற்றே இறக்கி வைக்கும் குடும்பம் உயரத்தை இழக்கலாம், சுழற்சியை இழப்பதில்லை.

கல்வராயன் மலையில் சுமார் 4000 அடி உயரமுள்ள பகுதிகளும் உண்டு. அவ்வுயரத்தில் காற்று மெலிது. கோடை வெயிலில் இன்னும் மெலியும். அத்தகைய இடங்களுக்குச் செல்லும் விமானி முதலில் ஏற்றும் சுமையைக் குறைக்கிறார். கடினமான காலங்களில் வேண்டாத சுமைகளை நாமும் இறக்கி வைப்பது நலம்.

1939-இல் அமெரிக்காவில் தம் ஹெலிகாப்டரை முதன்முதலாக எழுப்பிய ஈகோர் சிகோர்ஸ்கி ஆழ்ந்த இறைப்பற்றுடையவர். பரலோக மந்திரத்தின் பொருளை விளக்கி 1942-இல் ஒரு நூலே எழுதினார். விமானிகளுக்குப் பாதுகாவலியாக லொரேத்தோ மாதாவை 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அறிவித்தார். நாசரேத்தூரின் எளிய இல்லத்தில் தாழ்ச்சியோடு வாழ்ந்த அன்னையையே, உயரப் பறப்போர் துணைக்கு அழைக்கின்றனர்.

தாழ்ச்சி என்பது துன்பம் வந்த அன்று புதிதாய்க் கற்கக்கூடியதன்று. நல்ல நாட்களிலேயே சிறு சிறு செயல்களால் கைக்குப் பழக வேண்டும். இம்மாதம் குடும்பச் செபம் முடிந்தபின், நம் வீட்டில் எதனை இறக்கி வைக்கலாமென்று சிறிது நேரம் கூடிப் பேசுவோமா?