சாட்டை கைமாறும் இடம்

'எங்க வீட்டுப் பிள்ளை'யில் நம்பியார் கையிலிருந்த சாட்டை எம்.ஜி.ஆர். கைக்கு மாறும் இடம் வந்தால், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். படம் வந்தது 1965 பொங்கலுக்கு. தொலைக்காட்சியில் எத்தனை தடவை போட்டார்கள் என்று யாருக்கும் கணக்கில்லை. ஆனாலும் அடி வாங்கிக்கொண்டே நம்பியார் மாடிப்படியில் ஏறி இறங்கும்போது ஒரு முகத்திலாவது சலிப்பைக் கண்டதில்லை.

மலேசியாவில் எங்கள் ஊரான சிலிம் ரிவரைச் சுற்றி அன்று பால்மரக் காடு. இன்று பெரும்பாலும் செம்பனை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கிராணி பெயர் கூப்பிட, உளியும் வாளியும் தூக்கிக்கொண்டு வெளிக்காட்டுக்குப் போனவர்கள்தாம் அந்தப் படத்தின் முதல் ரசிகர்கள். மச்சானின் சாட்டைக்கு நடுங்கும் ராமுவைக் கண்டபோது அவர்களுக்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனுடைய இரட்டைச் சகோதரன் இளங்கோ வந்து கணக்குத் தீர்த்தபோது, படம் காட்டிய தோட்டத் திடலில் எழுந்த விசில், கதாநாயகனுக்காக மட்டும் எழுந்ததல்ல.

இந்த இதழ் கவிதைக்கும் சிறுகதைக்கும் பக்கம் ஒதுக்குகிறது. எப்போதாவது சினிமா வந்தால், விருது வாங்கிய படமாக இருக்கும். சண்டைப் படங்களைப் பற்றி ஒரு வரி கூட எழுதியதில்லை. நம் வாசகர்கள் பொழுதெல்லாம் பார்ப்பதும், பார்த்தபின் கடையில் தேத்தண்ணீர் ஆறும்வரை வாதாடுவதும் அந்தப் படங்களைப் பற்றித்தான். அவ்வளவு பேச்சும் காற்றோடு போவது சரியில்லை என்று நினைக்கிறோம். அவர்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. அது நல்ல அளவுகோல்.

முதலில், அடி விழுமுன் அநியாயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'ஆயிரத்தில் ஒருவன்' (அதே 1965, பி.ஆர். பந்துலு இயக்கியது) இங்கே அவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு வாள்சண்டை மட்டும் காரணமில்லை. காயம்பட்டவர்களுக்கு மருந்து போட்ட வைத்தியன் மணிமாறனைக் கலகக்காரன் என்று பிடித்து, மற்றவர்களோடு கப்பலேற்றித் தீவில் அடிமையாக விற்கிறார்கள். கப்பலில் வந்து, கடனில் கட்டுண்டு, காடழித்துத் தோட்டம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது ராஜா ராணிக் கதையாகவா தெரிந்திருக்கும்? 2014-இல் அந்தப் படத்தை மெருகேற்றி மறுபடி திரைக்குக் கொண்டுவந்தபோது சென்னையில் நூறு நாளுக்கு மேல் ஓடியது. பழைய பாசம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. யார் எதற்காக அடிக்கிறார் என்பது அந்தப் படத்தில் முதல் அரை மணி நேரத்திலேயே தெளிந்துவிடுகிறது.

இரண்டாவது, உடம்பு தெரிய வேண்டும். இதை எங்களுக்குச் சொன்னவர் பால்வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி. அவருடைய அப்பா லயத்துப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுக்கொடுத்தவர். புதுப்படம் ஒன்றில் நாயகன் நாற்பது பேரை அடித்துக்கொண்டிருந்தான். பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "காலக் காட்ட மாட்டேங்கறானே தம்பி. காலு தெரியாம வீச்சு எப்படித் தெரியும்?" என்றார். சிலம்பம் பழகியவர்கள் கம்பைப் பார்ப்பதில்லை, காலடியைப் பார்க்கிறார்கள். அப்படியென்றால் 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே கம்பு சுற்றுகிறாரே என்று கேட்டோம். "அங்க வண்டிதான் அவருக்குக் காலு" என்றார். அதற்குப் பிறகு அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். சக்கரம் முன்னே போவதும் ஒடித்துத் திரும்புவதும் சிலம்பத்தின் அடிவைப்பாகவே இருக்கிறது. கேமராவும் தள்ளி நின்று முழுசாகக் காட்டுகிறது.

இன்றைய படங்களின் பெரிய குறை இங்கேதான். ஒரு குத்துக்கு மூன்று வெட்டு, நாலாவது வெட்டில் மெதுவோட்டம், காதில் இடி. யார் கை, யார் முகம் என்று பிடிபடுமுன் ஆள் சுவரில் மோதிக் கிடக்கிறான். கழுத்து அறுபடுவதை அருகே காட்டினால்தான் வேகம் வரும் என்ற நினைப்பு வேறு. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த காலம் போய், பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் பார்க்கும் காலம் வந்திருக்கிறது. இதைச் சொன்னால் பழமைவாதம் என்பார்கள். சொல்லத்தான் வேண்டும்.

பழசு எல்லாம் பொன் என்று நாங்கள் சொல்லவரவில்லை. 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'யில் பாட்டில்லை, நாயகி இல்லை. கதை முழுக்க ஒரே இரவு. சிறையிலிருந்து வந்தவன், தான் இதுவரை பார்த்தேயிராத மகளைப் பார்க்கப் போக வேண்டும். அந்த அவசரம் ஒவ்வொரு அடியிலும் இருக்கிறது. சண்டை அமைத்த அன்பறிவ் இரட்டையர்களே 'சார்பட்டா பரம்பரை'க்கும் (2021) வேலை செய்தார்கள். அதில் டான்சிங் ரோஸ் என்ற குத்துச்சண்டைக்காரர் வளையத்துக்குள் ஆடும் ஆட்டத்தை நினைத்துப்பாருங்கள். தலை முதல் பாதம் வரை தெரிகிறது. எதிரியைச் சுற்றி வரும் அந்தக் கால்களுக்காகவே ஊரில் பலர் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பாட்டிக்கும் அது பிடித்தது.

அந்த உடம்புகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. 'முரட்டுக்காளை'யின் (1980) ரயில் சண்டை எல்லாருக்கும் தெரியும். அதை அமைத்த ஜூடோ ரத்தினம் 1,200-க்கும் மேற்பட்ட படங்களில் வேலை செய்து 2023 ஜனவரியில் காலமானார். நம் பத்திரிகைகளில் சில வரிதான் வந்தது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு படப்பிடிப்பில் கார் பறந்து கவிழும் காட்சியில் மோகன்ராஜ் என்ற சண்டைக் கலைஞர் உயிரையே விட்டார். ஆஸ்கார்க்காரர்கள் சண்டை அமைப்புக்குத் தனி விருதை 2028-இல்தான் முதல்முறையாகத் தரப்போகிறார்கள். நூறாவது விழா வரைக்கும் அந்த வேலைக்கு மரியாதை வரக் காத்திருக்க வேண்டியிருந்திருக்கிறது.

மலேசியத் தமிழர்களைப் பற்றி எடுத்த படங்களுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். 2016-இல் 'கபாலி' வந்தபோது இங்கே திருவிழாதான். மலாயிலும் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். மலேசியப் பிரதியின் கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்ததாக எழுத்து போட்டார்கள். தோட்டத் தொழிலாளிக்குச் சம சம்பளம் கேட்டு நின்ற இளம் கபாலி சீக்கிரமே திரையை விட்டுப் போய்விடுகிறார். கோட்டு போட்ட கபாலியின் துப்பாக்கிதான் மிச்சப் படம். எங்களுக்கு வேண்டியிருந்தது முதல் ஆள். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, அவற்றில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்று சொன்னது. அந்தச் செய்தி ஆறாத ஊர்களில், கும்பல் தலைவன் தோரணையாக நடந்துவருவதைக் கைதட்டி வரவேற்க மனம் கூசுகிறது.

ஷன்ஜய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) அந்தக் கூச்சத்தை நேராகப் பார்த்த படம். தோட்டத்தை விட்டு வந்து ஒண்டுக்குடிசையில் வாழும் குடும்பம், பன்னிரண்டு வயது அப்போய், கும்பலில் இருக்கும் சிற்றப்பா. பையன் வன்முறையைக் கவர்ச்சியாகப் பார்க்கிறான், ஆனால் படம் அப்படிப் பார்க்கவில்லை. மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்ற அந்தப் படத்தை நம்மவர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள்?

இன்னும் எடுக்கப்படாத சண்டைப் படம் நம் காலடியிலேயே கிடக்கிறது. 1942 ஜனவரி 7 விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் நம் ஊர்ச் சாலையில் இறங்கி, துரோலாக்கிலிருந்து சிலிம் ஆற்றுப் பாலம்வரை பதினோராவது இந்திய டிவிஷனைச் சில மணி நேரத்தில் சிதறடித்தன. நாலாம் நாள் கோலாலம்பூர் விழுந்தது. அதற்குப் பின்னால் வந்தது ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அந்தப் பாதையின் பாலம் ஒன்றைப் பற்றிய டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) ஏழு ஆஸ்கார் வாங்கியது, இன்றும் உலகத்தின் பிரியமான போர்ப் படங்களில் ஒன்று. அந்தக் கதையில் நம் தோட்டத் தொழிலாளிக்கு இடமில்லை. பாலம் வெடிக்கும் காட்சி அருமையானது. அதைப் பார்க்கும்போதெல்லாம், திரும்பி வராத தாத்தாவைப் பற்றி யாராவது ஒருவர் பேச ஆரம்பிக்கிறார்.

அடுத்த இதழில் சாதாரண ரசிகர்களுக்கென்று பக்கங்களை ஒதுக்குகிறோம். உங்களுக்குப் பிடித்த ஒரு சண்டைக் காட்சியை எடுத்துக்கொண்டு எழுதுங்கள். எழுத வராதவர்கள் வந்து சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். புதுப்படத்தைத் திட்ட வேண்டுமானால் தாராளமாகத் திட்டலாம், ஆனால் எந்தக் காட்சி, எதனால் என்று சொல்லிவிட்டுத் திட்டுங்கள். படம் வந்த வருடம் ஞாபகமில்லாவிட்டால் நாங்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்வோம். எந்தத் தோட்டத்துத் திடல், திரையை யார் கட்டினார்கள், சண்டை முடிந்ததும் லயத்துக்குத் திரும்பும் வழியில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.