வீதியில் ஆடும் வித்தை

பாரிஸ் நகரில் 2024-ம் வருஷம் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயத்தில் 'பிரேக்' என்னும் வீதி நடனம் முதன்முறையாக இடம்பெற்றது. தலையைத் தரையில் ஊன்றிச் சுழல்வதும், ஒற்றைக் கையால் உடல் முழுவதையும் தாங்கி நிற்பதும் அதன் அங்கங்கள். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் ஏழைக் கறுப்பின வாலிபர்கள் வளர்த்த ஆட்டம் அது. ஐம்பது வருஷங்களில் ஜப்பானியப் பெண்மணி ஒருவரும் கனடா நாட்டு வாலிபர் ஒருவரும் அதற்காகத் தங்கப் பதக்கம் பெற்றார்கள்.

இதைக் கேட்டு வியக்கும் நம்மவர், நம் வீதியில் நடக்கும் வித்தையைக் கண்ணெடுத்துப் பார்ப்பதுண்டா? உயரக் கட்டிய கயிற்றின்மேல் நடந்தும், கரணம் போட்டும், மூங்கில் உச்சியில் வயிற்றை ஊன்றிச் சுழன்றும் கழைக்கூத்தாடிகள் பிழைக்கிறார்கள். கயிற்றின்மேல் ஆடுவோரின் பறையொலியைக் குறுந்தொகையே குறிப்பிடுகிறது. இத்தனை பழமையான வித்தைக்கு நாம் அளிக்கும் சன்மானம், விரித்த துண்டில் விழும் சில நாணயங்களே.

தமிழும் தெலுங்கும் சேர்ந்து ஒலிக்கும் திருத்தணி, எல்லைக் கிளர்ச்சியின் பயனாக 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. அந்த மண்ணுக்காகச் சிறை சென்றோர் பலர். தெலுங்கு நாட்டில் தொம்மரர் எனப்படும் இக்கூத்தாடிகள் எல்லைக்கு இருபுறமும் அலைந்து திரிகிறார்கள். அவர்களுக்காகப் பேசியவர் எத்தனை பேர்? ஊர்விட்டு ஊர் திரியும் குலத்தார் பலரை அன்னிய ஆட்சி 1871-ம் வருஷத்துச் சட்டத்தால் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரையிட்டது. சுதந்திர இந்தியா 1952-ல் அச்சட்டத்தை ரத்து செய்தது. சட்டம் போயிற்று, சந்தேகப் பார்வை போகவில்லை.

சிறு குழந்தையைக் கயிற்றில் ஏற்றும் தொழிலை ஆதரிக்கலாமா என்று சிலர் கேட்கலாம். குழந்தையை ஏற்றுவதை ஒருபோதும் ஆதரிக்கலாகாது. ஆனால் கொடுமை வித்தையில் இல்லை. கீழே வலையுமின்றி, குடும்பத்தின் பசிக்காகக் குழந்தை ஏற வேண்டியிருக்கும் வறுமையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009-ம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. பெற்றோர் ஊர் மாறும்போதெல்லாம் படிப்பை இழக்கும் குழந்தைக்கு, விடுதியில்லாமல் அச்சட்டத்தால் என்ன பயன்? விடுதி அமைப்பது சர்க்காரின் கடமை. தேர்ந்த பெரியவர்களைப் பள்ளிகளில் உடற்பயிற்சி கற்பிக்க அமர்த்தலாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் பெருந்திரளான ஜனங்கள் கூடும் திருத்தணியில், மலையடிவாரத்தில் வலையும் மெத்தையும் கொண்ட களமொன்று அமைத்து, கௌரவமான ஊதியத்துடன் அவர்களை ஆடச் செய்யலாம்.

நம் வித்தைக்காரரின் பெருமையை வெளிநாட்டார் வந்து சொல்லும்வரை காத்திருப்பது நமக்கு அழகன்று. திருத்தணி நகரசபை முன்வரட்டும். தேசத் தொண்டர்கள் துணை நிற்கட்டும்.